கிடைமட்ட வீடியோவைச் செங்குத்தாக மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

கல்யாணமோ தேரோ, கேமராவைக் கிடைமட்டமாக வைத்துத்தான் எடுக்கிறோம். முழு வீடியோ டிவியில் பார்ப்பதற்கு என்பதால் அதுதான் சரியும்கூட. ஆனால் பென் டிரைவைக் கொடுத்த மறுநாளே வீட்டுக்காரர்கள் போன் செய்து ரீல்ஸ் கேட்கிறார்கள். கோயில் விழாக் கமிட்டிக்காரர்களும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள்.

கும்பகோணம் பக்கத்தில் தினமும் இந்த வேலையைத்தான் செய்கிறேன். கற்றுக்கொள்ள வருகிற தம்பிகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்த வரிசை அமைந்தது. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பை வைத்து எழுதுகிறேன். வேறு மென்பொருளிலும் வரிசை இதேதான். பொத்தான்களின் பெயரும் இடமும் மாறும்.

1. முதலில் கணக்கு: எவ்வளவு படம் மிஞ்சும்?

கிடைமட்ட எச்டி வீடியோவின் அளவு 1920×1080. செங்குத்து வீடியோவின் அளவு 1080×1920. கிடைமட்டப் படத்தின் உயரத்தை முழுசாக வைத்துக்கொண்டு செங்குத்துத் துண்டு ஒன்றை வெட்டினால், அதன் அகலம் 607 பிக்சல் சொச்சம்தான். எடுத்த படத்தில் ஏறக்குறைய 32 சதவீதம் மட்டுமே மிஞ்சுகிறது. மிச்சமெல்லாம் போய்விடும்.

அந்தத் துண்டு திரையை நிரப்ப 1.78 மடங்கு பெரிதாக வேண்டும். ஃபோகஸ் சரியாக இருந்த ஷாட் இதைத் தாங்கும். மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் புள்ளிபுள்ளியாக எடுத்த ஷாட் தாங்காது. புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகும்.

4கே படமாக இருந்தால் கவலை இல்லை. 3840×2160-ல் இருந்து வெட்டும் துண்டு 1215×2160. தேவைக்கு மேலேயே இருப்பதால் சுருக்கத்தான் செய்கிறோம். ரீல்ஸ் கேட்பார்கள் என்று முன்பே தெரிந்தால் 4கே-யில் எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

பழைய கல்யாண டிவிடியைக் கொண்டுவந்து அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ரீல் கேட்பவர்களும் உண்டு. நம் ஊர் டிவிடி 720×576. அதில் செங்குத்துத் துண்டின் அகலம் 324 பிக்சல், 3.33 மடங்கு பெரிதாக்கினால் முகமே கரைந்துவிடும். அந்த மாதிரிப் படத்துக்கு வேறு வழி இருக்கிறது. 9-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு கணக்குகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எச்டி படத்தில் இருந்து 1080×1080 சதுரம் வெட்டினால் பெரிதாக்கவே தேவையில்லை. திரையில் பாதி, அதாவது 1080×960, நிரப்பினால் படம் சுருங்கத்தான் செய்யும். கூர்மை பற்றிச் சந்தேகம் வரும்போதெல்லாம் கைகொடுப்பவை இந்த இரண்டும்தான்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேமராவில் பதிவான அசல் கோப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ வேண்டாம். அது ஏற்கெனவே சுருக்கப்பட்டு வந்தது. அதை மறுபடி பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். தூரத்தில் இருப்பவர் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எழுத்து போடாத படம் வேண்டும். மணமக்கள் பெயர், தேதி, ஸ்டூடியோ லோகோ எல்லாம் பதிந்துபோன முழு வீடியோவில் இருந்து வெட்டினால், ‘கார்த்திகா’வில் ‘ர்த்தி’ மட்டும் திரையில் நிற்கும். பழைய புராஜெக்ட் இருந்தால் அதைத் திறந்து எழுத்து டிராக்கை அணைத்துவிடுங்கள்.

போனில் எடுத்த படத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பல போன்கள் ஃப்ரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, ஒரே சீராக வைப்பதில்லை. எடிட்டிங்கில் போட்டால் போகப்போகச் சத்தம் ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம் என்று விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்’ என்று தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு, பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபி வைத்தும் செய்யலாம். கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டுமான லேசான நகல், உருவாக்கிக்கொள்ளுங்கள். படம் திக்கித் திக்கி ஓடினால் நகர்வு சரியாக இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. தெரியாமலே முடிவு செய்வீர்கள்.

ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். அடுத்த படி அதில்தான்.

3. ஷாட் ஷாட்டாக எழுதுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. நேராக மென்பொருளைத் திறந்து, டைம்லைனை (கிளிப்புகளை வரிசையாக அடுக்குகிற இடம்) செங்குத்தாக்கி, எல்லா ஷாட்டையும் நடுவில் வைத்துப் பெரிதாக்கிவிடுவார்கள். ‘அண்ணே, மூஞ்சி தெரியுதுல்ல?’ என்பார்கள். மூஞ்சி தெரியும். ஆனால் தாலி கட்டுகிற கை வெளியே போயிருக்கும்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்? அது நிற்கிறதா, நகர்கிறதா? ஒன்றா, இரண்டா, வரிசையா? இதற்கு அரை மணி நேரம் ஆகும். எழுதாமல் தொடங்கினால் அதைப்போல நான்கு மடங்கு நேரம் திரும்பத் திரும்ப மாற்றுவதில் போய்விடும்.

எழுதும்போது தெரியும், சில பொருட்கள் பிறவியிலேயே செங்குத்து. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். தூரத்தில் இருந்து எடுத்த கிடைமட்ட ஷாட்டில்கூட அது நடுவில் நெடுநெடுவென்று நிற்கும். 32 சதவீதத் துண்டுக்குள் அடங்கிவிடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானமும் அப்படித்தான். ஆனால் தேரின் வடம், அதைப் பிடித்து இழுக்கிற ஜனம் எல்லாம் வெளியே போய்விடும். அப்போது ஒரே ஷாட்டை இரண்டாகப் போடுங்கள்: முதல் மூன்று விநாடி தேர், அடுத்த மூன்று விநாடி வடம். கிடைமட்டத்தில் ஒரு ஷாட்டில் சொன்னதைச் செங்குத்தில் இரண்டு ஷாட்டில் சொல்ல வேண்டிவரும்.

சில பொருட்கள் பிறவியிலேயே கிடைமட்டம். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் இருந்து எடுத்த காவிரி, வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிற பெண்கள், மண்டபத்தில் பந்தி. இவற்றை வெட்டினால் அகலம் என்ற விஷயமே போய்விடும். வயலில் 12 பேர் நடுகிறார்கள் என்பதுதான் அந்த ஷாட்டின் அழகு. இரண்டு பேரைக் காட்டினால் அது வேறு ஷாட். நோட்டில் இவற்றுக்கு எதிரே ‘வெட்டாதே’ என்று எழுதுங்கள்.

மேளத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். நாதஸ்வரம் நீண்ட கருவி, வாயில் இருந்து கீழே இறங்குகிறது. செங்குத்து ஃப்ரேமில், வாயில் வைக்கிற சீவாளியில் இருந்து அடியில் விரிகிற அணசு வரை அழகாக உட்காரும். தவில் அதற்கு நேர்மாறு: மடியில் குறுக்கே கிடக்கிறது. ஒரு கையில் விரல்களுக்குக் கூடு, மறு கையில் கழி. நடுவில் வைத்து வெட்டினால் இரண்டு கையும் பாதி பாதி தெரியும். அதாவது வாசிப்பே தெரியாது. தவில்காரர் முகத்தை மட்டும் காட்டி, கைகளை வெட்டிவிட்ட ரீலை அவருக்கே அனுப்பிப் பாருங்கள், என்ன சொல்வார் என்று தெரியும். தவிலுக்கு எதிரே ‘அகலம் வேண்டும்’ என்று எழுதுங்கள். 8-ஆம் பகுதி அதற்காகத்தான்.

4. டைம்லைனை நகலெடுத்து அளவை மாற்றுவது

பழைய டைம்லைனில் கை வைக்காதீர்கள். மீடியா பூலில் டைம்லைன் மேல் வலது கிளிக் செய்து நகல் எடுங்கள். நகலைத் திறந்து, டைம்லைன் செட்டிங்ஸில் ‘யூஸ் புராஜெக்ட் செட்டிங்ஸ்’ டிக்கை எடுத்துவிட்டு, ரெசொல்யூஷனை 1080×1920 ஆக்குங்கள். பழையதில் மாற்றினால் முழு வீடியோவில் வைத்த சைஸ் எல்லாம் கலைந்துபோகும். வீட்டுக்காரர் ஒரு திருத்தம் கேட்டு வரும்போதுதான் அது தெரியவரும்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் முதலில் ஃப்ரேம் வேகத்தைப் பாருங்கள். ரிசால்வ் புது புராஜெக்ட்டை 24-ல் திறக்கும். நம் பக்கம் கல்யாணங்களைப் பெரும்பாலும் 25-லோ 50-லோ எடுக்கிறோம். கிளிப்பை உள்ளே போட்ட பிறகு புராஜெக்ட்டின் ஃப்ரேம் வேகத்தை மாற்ற முடியாது. 25-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் நடை, கைவீச்சு எல்லாம் விட்டுவிட்டுத் துள்ளும். காரணம் புரியாமல் கேமராவைச் சந்தேகிப்பார்கள்.

அடுத்து, அளவு பொருந்தாத படங்களை என்ன செய்வது என்ற அமைப்பு. அதே செட்டிங்ஸில் ‘மிஸ்மேட்ச்டு ரெசொல்யூஷன்’ என்ற இடத்தில், வெட்டி நிரப்பும் ‘ஸ்கேல் ஃபுல் ஃப்ரேம் வித் கிராப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்தவுடன் எல்லாக் கிளிப்பும் திரையை நிரப்பும், சூம் 1.000 என்றே இருக்கும்.

இதை விட்டுவிட்டால் படம் நடுவில் ஒரு பட்டையாக நிற்கும். மேலும் கீழும் கறுப்பு. அதை நிரப்ப ஒவ்வொரு கிளிப்பிலும் சூமை 3.16 ஆக்க வேண்டியிருக்கும். 3.16 என்றதும் படம் மூன்று மடங்கு கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். அசல் படம் பெரிதாவது அதே 1.78 மடங்குதான். தரம் ஒன்றே, கைவேலைதான் கூடுதல்.

இன்னொன்று. படத்தை 90 டிகிரி சுற்றிச் செங்குத்தாக்கப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பார்ப்பவர் போனைத் திருப்பிக்கொள்வார் என்ற எண்ணம். யாரும் திருப்புவதில்லை, தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

5. நகர்த்தும் முன் அதிர்வைச் சரிசெய்யுங்கள்

கையில் பிடித்து எடுத்த ஷாட்டுகளுக்கு ஸ்டெபிலைசேஷன் போட வேண்டுமென்றால் இப்போதே போடுங்கள். அது ஓரங்களை வெட்டிப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும். இடம் பார்த்து வைத்த பிறகு போட்டால் வைத்ததெல்லாம் நகர்ந்துவிடும், மறுபடி முதலில் இருந்து வர வேண்டும்.

ஏற்கெனவே 1.78 மடங்கு பெரிதாகியிருக்கிற படத்தில் அதிர்வும் அதே அளவு பெரிதாகத் தெரியும். டிவியில் சகஜமாகத் தெரிந்த ஷாட் போனில் ஆடுவது அதனால்தான். ரொம்ப ஆடினால் அந்த ஷாட்டை விட்டுவிடுங்கள். வேறு ஷாட் கிடைக்கும்.

நிறத்திருத்தம் முழு வீடியோவில் முடிந்திருந்தால் நகலோடு வந்திருக்கும். வராவிட்டால் அதைக் கடைசியில்கூடச் செய்யலாம். இடத்தை அது பாதிக்காது.

6. நிற்கும் ஷாட்டுகளை இடம் பார்த்து வைப்பது

இன்ஸ்பெக்டரில் டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் பொசிஷன் எக்ஸ் மதிப்பை மட்டும் மாற்றுங்கள். நிரப்பிய நிலையில் படத்தின் அகலம் 3413 பிக்சல், தெரிவது 1080. ஆக, இடப்பக்கம் சுமார் 1166, வலப்பக்கம் சுமார் 1166 வரை நகர்த்த இடம் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்க்கும்.

ஒய் மதிப்பைத் தொடாதீர்கள். உயரத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. தொட்டால் உடனே கறுப்பு. தலைக்கு மேல் இடம் நிறைய இருக்கிறது என்று தோன்றினால், சூமை 1.1 வரை கொண்டுபோய்க் கீழே இறக்கலாம். அதற்கு மேல் எச்டி படம் தாங்காது.

தாலி கட்டுகிற ஷாட்டை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை, பெண், பின்னால் மூன்றாம் முடிச்சுப் போட நாத்தனார். மூன்று முகத்தையும் ஒரே துண்டில் அடைக்கப் பார்த்தால் ஒன்றும் சரியாக வராது. முதலில் பெண்ணின் முகமும் கழுத்தருகே மாப்பிள்ளையின் கையும் வருமாறு வையுங்கள். அந்தக் கிளிப்பை, நாத்தனார் கை உள்ளே வருகிற ஃப்ரேமில் வெட்டுங்கள். அடுத்த துண்டை முடிச்சின் பக்கம் நகர்த்துங்கள். ஒரே கேமரா, ஒரே ஷாட், ஆனால் பார்ப்பவருக்கு இரண்டு கேமரா வைத்து எடுத்தது போல இருக்கும்.

இப்படி வெட்டும்போது இரண்டு துண்டுக்கும் இடையே இடம் நன்றாக மாறியிருக்க வேண்டும். 100, 150 பிக்சல் மட்டும் நகர்ந்தால் படம் தாவியதுபோல், ஏதோ தவறுபோல் தெரியும். குறைந்தது ஒரு ஆள் அகலமாவது மாறட்டும். முடியாவிட்டால் இரண்டாவது துண்டில் சூமைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஒரே கோணத்தில் எடுத்த ஷாட்டுகள் பல இருந்தால், ஒன்றில் சரிசெய்து நகலெடுத்து, மற்றவற்றைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், வி அழுத்துங்கள். எந்தெந்தப் பண்பை ஒட்டவேண்டும் என்று கேட்கும். பொசிஷனை மட்டும் டிக் செய்யுங்கள்.

7. நகரும் ஷாட்டுக்குக் கீஃப்ரேம்

முதலில் ஒரு கேள்வி: நகர்வது ஆளா, கேமராவா? கேமராமேன் ஆளோடு சேர்ந்து கேமராவைத் திருப்பியிருந்தால், ஆள் ஏற்கெனவே ஃப்ரேமின் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருப்பார். அங்கே கீஃப்ரேம் (இந்த ஃப்ரேமில் படம் இந்த இடத்தில் இருக்கட்டும் என்று போடுகிற குறி) தேவையில்லை. அதன் மேல் நீங்களும் நகர்த்தினால் பின்னணி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும்.

கேமரா நிற்க, ஆள் நகர்கிற ஷாட்டுக்குத்தான் கீஃப்ரேம். மணமக்கள் அக்னியை வலம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையின் இடமிருந்து வலம் வர எட்டு விநாடி ஆகிறது. அவர்கள் நடக்கத் தொடங்கும் ஃப்ரேமுக்குப் போய், பொசிஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வைரப் பொத்தானை அழுத்துங்கள். பிறகு அவர்கள் நிற்கிற ஃப்ரேமுக்குப் போய் எக்ஸ் மதிப்பை மாற்றுங்கள். இரண்டாவது கீஃப்ரேம் தானாக விழும். ஓட்டிப் பாருங்கள். நடுவில் பிந்துகிறார்கள் என்றால் அங்கே மட்டும் மூன்றாவது ஒன்று போடுங்கள்.

மூன்றுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். பத்து ஃப்ரேமுக்கு ஒன்று வீதம் போட்டு ஆளைத் துல்லியமாக நடுவிலேயே பிடித்து வைக்கப் பார்ப்பார்கள். பார்க்கும்போது பரிசலில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் ஆடும். ஆள் ஃப்ரேமுக்குள் கொஞ்சம் முன்னே போகட்டும், கொஞ்சம் பின்தங்கட்டும். கையால் பிடித்த கேமராவும் அப்படித்தான் போகும். கண்ணுக்கு அதுதான் பழக்கம்.

ஆள் போகிற திசையில் இடம் விடுங்கள். வலப்பக்கம் நடக்கிறார் என்றால் அவர் ஃப்ரேமின் இடப்பாதியில் இருக்கட்டும். முகம் ஓரத்தில் முட்டிக்கொண்டு நடந்தால் சுவரில் மோதப் போகிறவர் போலத் தெரியும்.

கீஃப்ரேம்களுக்கு ‘ஈஸ் இன்’, ‘ஈஸ் அவுட்’ கொடுங்கள். கொடுக்காவிட்டால் நகர்வு சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும். ஷாட்டின் முதல் ஃப்ரேமிலேயே நகர்வைத் தொடங்காமல், அரை விநாடி நிற்கவிட்டுத் தொடங்குங்கள். பார்ப்பவர் எங்கே பார்ப்பது என்று கண்டுபிடிக்க அந்த அரை விநாடி வேண்டும்.

8. நான்கு பேர் ஒரே ஃப்ரேமில்: இரண்டு அடுக்கு

மேளக் கச்சேரியின் கிடைமட்ட ஷாட்டில் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். செங்குத்தில் ஒருவர்தான் அடங்குவார். கீஃப்ரேம் போட்டு இடமும் வலமும் மாறி மாறி அலைந்தால், யார் வாசிக்கும்போது யாரைப் பார்ப்பது என்பதில் எப்போதும் பிந்தித்தான் போவீர்கள்.

திரையை மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரியுங்கள். மேலே நாதஸ்வரம், கீழே தவில். ஒரே கிளிப்பை வீடியோ டிராக் 1-லும் 2-லும் ஒன்றன் மேல் ஒன்றாக, ஃப்ரேம் பிசகாமல் வையுங்கள். இரண்டிலும் சூமை 0.500 ஆக்குங்கள். மேலே போகவேண்டியதற்குப் பொசிஷன் ஒய் 480, கீழே போகவேண்டியதற்கு -480. இப்போது ஒவ்வொரு பாதியிலும் படத்தின் அகலம் 1707 பிக்சல். எக்ஸ் மதிப்பை இரு பக்கமும் சுமார் 313 வரை நகர்த்தி, மேலே நாதஸ்வரக்காரர்களையும் கீழே தவில்காரர்களையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இதில் இரண்டு லாபம். கிடைமட்டப் படத்தின் அகலத்தில் 63 சதவீதம் ஒவ்வொரு பாதியிலும் தெரிகிறது. தவிலின் இரண்டு கையும் கழியும் முழுசாக வரும். இரண்டாவது, படம் பெரிதாகவே இல்லை, சுருங்குகிறது. மங்கிய வெளிச்ச ஷாட்டுகூட இங்கே பளிச்சென்று இருக்கும். எச்டி-யில் எடுத்த மேளத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே ஷாட்டின் இரண்டு பகுதி என்பதால் நடுவில் இருப்பவர் மேலும் கீழும் இரண்டு தடவை தெரியலாம். எக்ஸ் மதிப்பை அந்தந்தப் பக்கம் எல்லைவரை தள்ளிப் பாருங்கள். அப்படியும் தெரிந்தால் சூமை 0.6 ஆக்குங்கள். அப்போது கீழ்ப் பாதி மேல் பாதிக்குள் நுழையும், அதை கிராப் பகுதியில் வெட்டிவிடுங்கள்.

எல்லா நேரமும் இரண்டு அடுக்கு வேண்டாம். பல்லவியைத் தொடங்கும்போது நாதஸ்வரக்காரர் முழுத்திரையில். தவில் மும்முரமாகும் இடத்தில் திரை இரண்டாகப் பிரியட்டும். எங்கே பிரிகிறது என்பது இசையைக் கேட்டு முடிவு செய்வது.

9. ‘வெட்டாதே’ என்று எழுதிய ஷாட்டுகள்

காவிரி, நடவு, பந்தி: இவற்றுக்கு நடுவில் சதுரம். நிரப்பிய நிலையில் சூமை 0.5625 ஆக்கினால் படத்தின் உயரம் 1080 ஆகும். ஓரங்கள் வெளியே போய், திரையில் 1080×1080 சதுரம் தெரியும். எடுத்த அகலத்தில் 56 சதவீதம் கிடைக்கிறது. மேலும் கீழும் 420 பிக்சல் காலி. மேலே ஊர்ப்பெயரும் நாளும் எழுத நல்ல இடம்.

அகலம் முழுசும் வேண்டுமென்றால் மெதுவாக ஒரு நகர்வு கொடுங்கள்: நாற்று நடுகிற வரிசையின் ஒரு முனையில் இருந்து மறுமுனைவரை ஆறேழு விநாடியில். வரிசை நீளம் அப்போதுதான் புரியும். வேகமாக நகர்த்தினால் முகங்கள் கோடாகிவிடும்.

டிவிடி மாதிரிச் சின்னப் படத்துக்குப் பின்னால் அதே படத்தைப் பெரிதாக்கி, மங்கலாக்கி வைப்பது வழக்கம். அடியில் இருக்கிற டிராக்கில் கிளிப்பைப் போட்டு நிரப்பி, பிளர் எஃபெக்ட் கொடுத்து, வெளிச்சத்தையும் பாதியாகக் குறையுங்கள். வெளிச்சத்தைக் குறைக்க மறப்பார்கள். குறைக்காவிட்டால் பின்னணியின் பட்டுப்புடவை நிறங்கள் நடுப் படத்தைவிடப் பளபளக்கும். டிவிடி படத்தில் கை அசையும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், உள்ளே கொண்டுவரும் முன் ஹேண்ட்பிரேக்கில் ‘டீஇன்டர்லேஸ்’ செய்துவிடுங்கள். பெரிதாக்கிய பிறகு அந்தக் கோட்டை எடுக்க முடியாது.

எச்டி படத்துக்கு இந்த மங்கல் பின்னணியை நான் போடுவதில்லை. எல்லா ஷாட்டுக்கும் அதையே போட்டு முடித்துவிடுகிறவர்கள் உண்டு. போனில் முகம் விரல் நுனி அளவுதான் தெரியும்.

10. தானாக மாற்றும் வசதி

ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில் ‘ஸ்மார்ட் ரீஃப்ரேம்’ உண்டு. அடோபி பிரீமியர் புரோவில் ‘ஆட்டோ ரீஃப்ரேம்’. இரண்டும் முக்கியமானது எது என்று தானே கண்டுபிடித்துப் பின்தொடரும். மேடையில் ஒருவர் நின்று பேசுகிற வீடியோவுக்கு நன்றாகவே செய்கின்றன, நேரம் மிச்சம்.

கூட்டத்தில் ஏமாந்துபோகும். தீபாராதனை ஷாட்டில் விளக்கை விட்டுவிட்டு முன்னால் கைகூப்பி நிற்பவரின் முகத்தைப் பிடித்துக்கொள்ளும். எது முக்கியம் என்பது உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. பிரீமியரில் பயன்படுத்தினால், மூன்று வேகங்களில் மெதுவானதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அது போட்ட கீஃப்ரேம்களில் பாதியை அழியுங்கள்.

11. சத்தம்

ரீலுக்காக நீளத்தைக் குறைக்கும்போது படத்தோடு சேர்த்துச் சத்தத்தையும் துண்டு துண்டாக வெட்டுவார்கள். மேளம் ஓடுகிற இடத்தில் அப்படிச் செய்தால் தாளம் தட்டுகிறவர் உடனே முகம் சுளிப்பார். முதலில் சத்தத்தில் ஒரு முழுத் துண்டை எடுங்கள். ஆதி தாளம் என்றால் எட்டு அட்சரம் முடிந்து மறுபடி சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், தொடங்குகிற இடத்தில் வெட்டுங்கள். அந்தச் சத்தத்தை அடியில் அறுபடாமல் ஓடவிட்டு, மேலே படத்தை மாற்றுங்கள். கை, வாய் தெளிவாகத் தெரிகிற ஷாட்டுகளை மட்டும் சத்தத்தோடு சரியாகப் பொருத்த வேண்டும். மற்றவை எங்கிருந்து வந்தாலும் தெரியாது.

கெட்டிமேளம் வரும்போது மீட்டரைப் பாருங்கள். சிவப்பைத் தொட்டால் போன் ஸ்பீக்கரில் கரகரக்கும். உச்சம் மைனஸ் 3 டெசிபலைத் தாண்டாமல் இறக்கிவையுங்கள். பதிவிலேயே உடைந்திருந்தால் இறக்கினாலும் சரியாகாது. அந்த இடத்துக்கு வேறு கேமராவின் சத்தம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஹெட்போன் மாட்டி ஒருமுறை கேளுங்கள். ஒற்றை மைக் செருகிய கேமராவில் சத்தம் இடக்காதில் மட்டும் வரும். கிளிப் ஆட்ரிபியூட்ஸில் ஆடியோவை மோனோவாக மாற்றினால் இரண்டு காதிலும் வரும்.

12. எழுத்து

எழுத்து கடைசியில்தான். ஷாட் இடம் மாறினால் எழுத்தும் இடம் மாறவேண்டும் என்பதால் முன்பே போட்டால் இரட்டை வேலை.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் இரண்டிலும் கீழ்ப்பக்கம் கணக்கின் பெயரும் தலைப்பும், வலப்பக்கம் பொத்தான்களும் படத்தின் மேலேயே உட்காரும். கீழ்க்கால் பாகத்திலும் வலது ஓரத்திலும் எழுத்து வைக்காதீர்கள். மேலேயும் ஒரு 200 பிக்சல் விடுங்கள். கிடைமட்ட வீடியோவில் பெயர் போட்டுப் பழகிய கை நேராகக் கீழே இடப்பக்கம்தான் போகும். இங்கே அது மறைந்துவிடும்.

தமிழ் எழுத்து உடைகிறதா என்று முதலிலேயே சோதியுங்கள். ‘கொள்ளிடம்’, ‘திருவையாறு’ என்ற இரண்டு சொல்லை அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வரவேண்டும், கால் பின்னால் வரவேண்டும், ‘வை’ பிரியக் கூடாது. இந்த இரண்டும் சரியாக வந்தால் அந்த ஃபான்ட்டை நம்பலாம். பிரீமியரில் உடைந்தால், பிரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். எந்த வழியிலும் சரியாகாவிட்டால், இன்க்ஸ்கேப்பில் எழுதிப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து மேல் டிராக்கில் வையுங்கள். மணப்பெண்ணின் பெயரை உடைந்த எழுத்தில் கொடுக்கக் கூடாது.

13. எக்ஸ்போர்ட்

டெலிவர் பக்கத்தில் ஃபார்மேட் எம்பி4, கோடெக் எச்.264. ரெசொல்யூஷன் 1080×1920 என்றுதான் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஆயத்த அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சில சமயம் 1920×1080-க்குத் திரும்பிவிடும். அப்போது இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு, நடுவில் மெலிந்த செங்குத்துப் படம் வரும். அதை ஏற்றிவிட்டு ‘ஏன் சின்னதாகத் தெரிகிறது’ என்று கேட்பவர்கள் நிறைய.

ஃப்ரேம் வேகம் டைம்லைனில் இருந்ததேதான். தரத்தை நொடிக்கு 12,000 முதல் 16,000 கிலோபிட் என்று கட்டுப்படுத்துங்கள். இதைவிடக் குறைத்தால் தேரோட்டக் கூட்டம், ஆற்று நீர் மாதிரி நுணுக்கமான இடங்கள் குழம்பும். ஏற்றிய பிறகு அந்தத் தளம் இன்னொரு முறை சுருக்கும் என்பதால் நம் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கவேண்டும். ரொம்பக் கூட்டினால் கோப்பு பெரிதாகி ஏறுவதற்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். சத்தம் ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ்.

நீளத்தையும் பாருங்கள். யூடியூபில் 2024 அக்டோபர் 15 முதல் ஏற்றப்படும் செங்குத்து வீடியோக்கள் 3 நிமிடம் வரை ஷார்ட்ஸாகக் கணக்காகும். இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டாம். தாலி கட்டுவதற்கு 40 விநாடி போதும்.

14. போனில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்

கம்ப்யூட்டர் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யூஎஸ்பி கேபிளில் போனுக்கு மாற்றி, கையில் பிடித்துப் பாருங்கள். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு: யார், எங்கே, என்ன நடக்கிறது என்று புரிகிறதா? இரண்டாம் தடவை சத்தத்தோடு. மூன்றாம் தடவை ஓரங்களை மட்டும்: எங்காவது ஒரு ஃப்ரேமில் கறுப்புக் கோடு மின்னுகிறதா? கீஃப்ரேமில் எல்லையைத் தாண்டியிருந்தால் இங்கேதான் அகப்படும்.

வேலை தெரியாத ஒருவரிடமும் போனைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா பார்ப்பார். ‘யாருப்பா அந்தப் பக்கம் நிக்கிறது, பாதி தெரியுது’ என்று அவர் கேட்கிற இடத்தில் பெரும்பாலும் ஒரு தவறு இருக்கும்.

வீட்டுக்காரருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். அல்லது டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுங்கள். பொதுவில் நீங்களே போடுவதாக இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். புராஜெக்ட் கோப்பையும் அந்த நோட்டுப் பக்கத்தின் போட்டோவையும் அசல் கிளிப்புகள் இருக்கிற அதே ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். வளைகாப்புக்கு அதே கல்யாண ரீலில் இன்னொரு பதிப்பு கேட்டு வருவார்கள்.